“எங்க அம்மாவோட ரெண்டு மாட்டையும் வித்துடணுமா?”

“எங்கள் ஊர் மணலூர்பேட்டை. எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் சேர்ந்து ஒரு பால் குழு வைத்திருக்கிறார்கள். மொத்தம் 50 கறவை மாடுகள், பெரும்பாலும் ஜெர்சி கலப்பு. ‘ஏ2 பால் என்றால் லிட்டருக்குக் கூடுதல் விலை தருகிறேன்’ என்று வெளியூர் வியாபாரி ஒருவர் சொன்னார். அதை நம்பி எல்லா மாட்டுக்கும் வால் முடியை வேரோடு பிடுங்கி அனுப்பிச் சோதனை செய்தார்கள். 32 மாடு ஏ2-ஏ2, 16 மாடு ஏ1-ஏ2, 2 மாடு ஏ1-ஏ1 என்று முடிவு வந்தது. அந்த இரண்டு மாடும் எங்கள் அம்மாவுடையவை. அப்பா இல்லை. அந்தப் பாலில்தான் வீடு நடக்கிறது. ‘48 மாட்டுக்கு ஏ2 இருக்கு. உங்க ரெண்டையும் வித்துட்டா மொத்தமும் ஏ2 ஆயிடும்மா’ என்கிறார்கள். பெரியவர்கள் சொல்கிறார்களே என்று அம்மாவும் தலையாட்டிவிட்டார். நான் பிளஸ் டூ படிக்கிறேன். கணக்கில் ஏதோ இடிக்கிறது. விற்கத்தான் வேண்டுமா?”

– பெயர் வேண்டாம் என்று எழுதிய மாணவி, மணலூர்பேட்டை.

கணக்கு இடிப்பது உண்மைதான். குழுவினர் மாடுகளை எண்ணியிருக்கிறார்கள். எண்ண வேண்டியது மாட்டுக்குள் இருக்கும் பிரதிகளை.

எந்த மரபணுவை எடுத்தாலும் ஒரு மாட்டிடம் அது இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று தாய் கொடுத்தது, இன்னொன்று தகப்பன் கொடுத்தது. பாலில் இருக்கும் பீட்டா கேசின் என்ற புரதத்தைச் செய்வதற்கும் அப்படி ஒரு மரபணு இருக்கிறது. அந்தப் புரதம் 209 மணிகள் கோத்த மாலை போன்றது. 67-வது மணி புரோலின் என்ற அமினோ அமிலமாக இருந்தால் அது ஏ2. அதே இடத்தில் ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. இரண்டு வடிவத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடு அந்த ஒரு மணிதான். ஒரே மரபணுவின் இப்படிப்பட்ட வடிவங்களைத்தான் மாணவியின் பாடப்புத்தகம் அல்லீல் என்கிறது. இரண்டு பிரதிகளும் சேர்ந்த ஜோடிக்கு ஜீனாக்கம் என்று பெயர்.

50 மாட்டில் 100 பிரதிகள். ஏ2-ஏ2 மாடுகள் 32 என்பதால் அவற்றில் 64 ஏ2. ஏ1-ஏ2 மாடுகள் 16-ல் 16 ஏ2, 16 ஏ1. அம்மாவின் இரண்டு மாட்டில் 4 ஏ1. கூட்டிப் பார்த்தால் குழுவில் ஏ2 மொத்தம் 80, ஏ1 மொத்தம் 20.

அந்த 20-ல் அம்மாவின் தொழுவத்தில் இருப்பது நாலே நாலு. மீதி 16 பிரதியும், ‘எங்க மாட்டுக்கு ஏ2 இருக்கு’ என்று சொல்லிக்கொள்ளும் வீடுகளில் கட்டியிருக்கிறது. அதாவது குழுவிலுள்ள ஏ1-ல் ஐந்தில் நாலு பங்கு அங்கேதான். ஒரே வீட்டில் இரண்டு மாடும் இரட்டையாக அமைந்தது அந்த அம்மாவின் நேரம், அவ்வளவுதான்.

ஏ1-ஏ2 மாட்டில் ஏ1 ஒளிந்துகொண்டு சும்மா இருப்பதும் இல்லை. அந்த மாட்டின் பாலில் இரண்டு புரதமுமே இருக்கும். அம்மாவின் மாடுகளை விற்ற மறுநாள் காலையில், மிச்சமுள்ள 48 மாட்டுப் பாலையும் ஒரே கேனில் ஊற்றினால் அதில் மூன்றில் ஒரு மாடு ஏ1 கலந்து கறக்கிற மாடாகத்தான் இருக்கும். வியாபாரி அந்தக் கேனிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தால் ஏ1 தெரியும். ஆக, மாட்டை விற்ற பிறகும் விலை கிடைக்காது.

அடுத்த தலைமுறையில் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 80 புளியங்கொட்டையை அப்படியே ஒரு பையில் போட வேண்டும். இன்னும் 20 கொட்டையைத் தாயம் ஆடத் தேய்ப்பது போலத் தேய்த்து வெள்ளை தெரிய வைத்து அதே பையில் போட்டுக் குலுக்க வேண்டும். பார்க்காமல் ஒரு கொட்டை எடுத்தால் அது தாய் கொடுத்தது. குறித்துக்கொண்டு திரும்பப் போட்டு மறுபடி ஒன்று எடுத்தால் அது தகப்பன் கொடுத்தது. இப்படி நூறு கன்று ‘பிறக்கும்’வரை எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 64 கன்றுக்கு இரண்டும் கறுப்பு, 32 கன்றுக்கு ஒன்று கறுப்பு ஒன்று வெள்ளை, 4 கன்றுக்கு இரண்டும் வெள்ளை என்று வரும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். இதை 50 மாட்டுக்குப் பாதியாக்கினால் 32, 16, 2. சோதனை முடிவில் வந்த அதே எண்கள்! இரட்டை வெள்ளை எப்போதும் குறைவாகத்தான் தெரியும். ஐந்தில் ஒன்று வெள்ளை என்றால், இரண்டு தடவையும் வெள்ளையே வருவது ஐந்தை ஐந்தால் பெருக்கி 25-ல் ஒன்று. கண்ணில் படுகிற ஒவ்வொரு ஏ1-ஏ1 மாட்டுக்கும் பின்னால் எட்டு ஏ1-ஏ2 மாடுகள் நிற்கின்றன.

இந்தக் கணக்குக்குப் புத்தகத்தில் ஹார்டி-வீன்பெர்க் என்று பெயர். ஜெர்மனியில் டாக்டராக இருந்த வீன்பெர்க்கும், இங்கிலாந்தில் கணித ஆசிரியராக இருந்த ஹார்டியும் 1908-ல் தனித்தனியே இதைச் சொன்னார்கள். ஓங்கு தன்மை என்றால் அது வரவர ஊரெல்லாம் பரவிவிடும், ஒடுங்கு தன்மை தேய்ந்து மறைந்துவிடும் என்ற பேச்சு அப்போது இருந்தது. அது தவறு, தேர்வோ வெளிவரவோ இல்லாமல், பெரிய கூட்டத்தில் கண்டபடி இணை சேர்ந்தால் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறாமல் அப்படியே நிற்கும் என்று ஹார்டி சில வரிக் கணக்கில் காட்டினார்.

மணலூர்பேட்டைக்காரர்களுக்கு ஒரு தகவல். பக்கத்துத் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமசுவாமி ஐயர். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். அவரிடம் குமாஸ்தா வேலை கேட்டு 1910-ல் நோட்டுப் புத்தகத்தோடு திருக்கோவிலூர் வந்த இளைஞர்தான் ராமானுஜன். நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர், இவரைத் தாலுகா ஆபீஸில் உட்கார வைப்பது பாவம் என்று நினைத்து, அறிமுகக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். 1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதியது இதே ஹார்டிக்குத்தான்.

திரும்பவும் தொழுவத்துக்கு வருவோம். அம்மாவின் இரண்டு மாட்டையும் விற்றுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 96 பிரதிகளில் 16 ஏ1, அதாவது ஆறில் ஒன்று. ஐந்தில் ஒன்றாக இருந்தது ஆறில் ஒன்றாகியிருக்கிறது. இதே கூட்டத்துக்குள்ளேயே, அல்லது இதே அளவு ஏ1 உள்ள காளைகளால் கன்று பிறந்தால், 36-ல் ஒன்று மறுபடி ஏ1-ஏ1. 50 கன்றுக்கு ஒன்றோ இரண்டோ. போனது திரும்பி வந்துவிடும், இந்த முறை வேறு யார் வீட்டிலோ. அவர்களையும் விற்கச் சொன்னால் ஏழில் ஒன்று. அதற்கடுத்த தலைமுறை எட்டில் ஒன்று. ஐந்தில் ஒன்றாக இருந்த ஏ1-ஐப் பத்தில் ஒன்றாகப் பாதிக்க, ஐந்து தலைமுறைக்கு இப்படியே யாராவது ஒருவர் மாட்டை விற்றுக்கொண்டே இருக்க வேண்டும். கிடேரி பிறந்து, வளர்ந்து, சினையாகி, கன்று போட மூன்று வருடம் என்று வைத்தால் பதினைந்து வருடம்.

சரி, வேறு வழி? காளை. ஒரு பசு ஆயுசுக்கு ஐந்தாறு கன்று போடும். ஊரில் பிறக்கும் கன்றுகளின் பிரதிகளில் சரிபாதி காளை கொடுப்பது. அம்மாவின் மாடு உட்பட எந்த மாட்டையும் விற்காமல், 50 மாட்டுக்கும் ஏ2-ஏ2 என்று சோதித்து உறுதி செய்த காளையின் உறைவிந்தைப் போட்டால் என்ன ஆகும்? தகப்பன் பக்கம் எப்போதும் ஏ2. தாய் பக்கம் மட்டும் ஐந்தில் ஒன்று ஏ1. பிறக்கும் கன்றுகளில் 80 சதவீதம் ஏ2-ஏ2, 20 சதவீதம் ஏ1-ஏ2. ஏ1-ஏ1 ஒன்றுகூட இருக்காது. ஏ1 பத்தில் ஒன்றாகிவிடும். அங்கே பதினைந்து வருடம் எடுத்த வேலை இங்கே ஒரே ஈற்றில் முடிகிறது. அடுத்த தலைமுறைக்கும் அதே போலச் செய்தால் இருபதில் ஒன்று.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. திமிலும் தாடியும் பார்த்து ‘இது நாட்டுக் காளை, ஏ2-தான்’ என்று ஒருவர் ஓட்டிவந்து, அது உள்ளுக்குள் ஏ1-ஏ2 ஆக இருந்தால்? பாட்டி வழியில் ஒரு ஜெர்சி இருந்தால் போதும், திமிலோடும் அப்படி இருக்கலாம். அந்தக் காளை பாதிக் கன்றுக்கு ஏ1 கொடுக்கும். 50 பசுவுக்கும் அதுவே சேர்ந்தால் கன்றுகளில் பத்தில் ஒன்று ஏ1-ஏ1, பாதி ஏ1-ஏ2, பாக்கி நாற்பது சதவீதம்தான் ஏ2-ஏ2. குழுவின் ஏ1 இருபது சதவீதத்திலிருந்து ஒரே ஈற்றில் 35 சதவீதத்துக்கு ஏறிவிடும். பசுவைப் பார்த்துப் பார்த்துக் கழித்த குழு, காளையை மட்டும் கண்ணால் பார்த்து நம்பினால் கதை இப்படித்தான் முடியும்.

நாட்டு மாடு என்றால் நூற்றுக்கு நூறு ஏ2-ஆ என்று பல வாசகர்கள் கேட்பதுண்டு. ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள மையத்தின் ஆய்வாளர்கள் 15 இந்திய மாட்டினங்களைச் சோதித்து 2009-ல் வெளியிட்ட முடிவு: ஏ2 பிரதி 98.7 சதவீதம். எருமையில் நூறு சதவீதம். மாட்டில் மிச்சமுள்ள 1.3 சதவீதத்தைப் புளியங்கொட்டைக் கணக்கில் போட்டால், ஏ1-ஏ1 ஆக இருக்க வேண்டியது பத்தாயிரம் மாட்டில் ஏறக்குறைய இரண்டு. ஏ1-ஏ2 ஆக இருக்க வேண்டியதோ பத்தாயிரத்தில் 250-க்கும் மேல். எருமை வைத்திருப்பவர்களை யாரும் ஏ2 என்று சொல்லிக் கூடுதல் விலை கொடுத்துத் தேடுவதில்லை என்பது வேறு வேடிக்கை.

இத்தனை கணக்கும் போட்ட பிறகு, ஏ2 பாலுக்கு அத்தனை மகிமை உண்டா என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏ1 புரதம் செரிக்கும்போது பிசிஎம்-7 என்ற சிறு துண்டு உருவாகிறது. அது சர்க்கரை நோய், இதய நோய்க்குக் காரணம் என்ற பேச்சு பல வருடமாக உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, அப்படிக் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்ட் 21-ல், பால் பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று போடுவதை நீக்கச் சொல்லி உத்தரவிட்டது. ஐந்து நாளில், ஆகஸ்ட் 26-ல், மேலும் ஆலோசிக்க வேண்டும் என்று அதைத் திரும்பப் பெற்றது. நாளை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாத ஒரு முத்திரையை நம்பி, இன்று கறக்கிற மாட்டை விற்பது நட்டம். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஏ2 பாலிலும் லாக்டோஸ் சர்க்கரை அதே அளவு இருக்கிறது.

காளையின் ஒரு பிரதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஏ2-ஐவிடப் பெரிய உதாரணம் ஹோல்ஸ்டீன் இனத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 1952-ல் பிறந்த ஆஸ்பர்ன்டேல் ஐவன்ஹோ என்ற காளைக்கு நல்ல பெயர். செயற்கைக் கருவூட்டல் பரவிக்கொண்டிருந்த காலம். அதன் பிள்ளைகளும் பேரன்களும் உலகெங்கும் போனார்கள். அதனிடம் பழுதான ஒரு பிரதி இருந்தது யாருக்கும் தெரியாது. ஒற்றைப் பிரதியாக இருக்கும்வரை மாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு பிரதியும் பழுதாகப் பிறக்கும் கன்றுக்கு மட்டும் ரத்த வெள்ளையணுக்கள் கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர முடியாது. வாய்ப்புண், கழிச்சல், நிமோனியா என்று மாற்றி மாற்றி வந்து கன்று செத்துப்போகும். எல்லாக் கன்றுக்கும் வருகிற நோய்கள்தானே என்று விட்டுவிடுவார்கள். இந்த நோய்க்கு பிளாட் என்று பெயர்.

காரணமான மரபணுப் பிழையை 1992-ல் கண்டுபிடித்து எண்ணிப் பார்த்தபோது, ஹோல்ஸ்டீன் காளைகளில் ஏறக்குறைய 15 சதவீதமும் பசுக்களில் ஏறக்குறைய 6 சதவீதமும் அந்தப் பிரதியைச் சுமந்துகொண்டிருந்தன. பழுதுப் பிரதி இருந்த எல்லா மாட்டின் வம்சாவளியும் அந்த ஒரே காளையில் போய் முடிந்தது. கணக்கு எளிது. ஆயிரம் இணைசேர்க்கையில் காளை, பசு இரண்டுமே சுமப்பவையாக இருப்பது ஒன்பது. அதில் கால் பங்கு நோயுற்ற கன்று. ஆயிரத்துக்கு இரண்டு. ஆயிரத்துக்கு இரண்டு கன்று செத்தால் யார் சந்தேகப்படுவார்கள்? ஆனால் காளைகளைச் சோதித்துச் சுமப்பவற்றைக் கழித்ததும் சாகும் கன்றும் நின்றுபோகும். பசு சுமந்தாலும் காளை நல்ல பிரதி கொடுத்தால் கன்று நோயுறாது. நம் நாட்டிலும் உறைவிந்து நிலையங்களுக்கான மத்திய அரசின் நெறிமுறையில், ஹோல்ஸ்டீன் மற்றும் அதன் கலப்புக் காளைகளுக்கு இந்தச் சோதனை சேர்க்கப்பட்டிருக்கிறது.

மணலூர்பேட்டைக் குழு செய்ய வேண்டியதும் அதே வேலைதான். சினை ஊசி போட வருகிறவரிடம் உறைவிந்துக் குச்சியை வாங்கிப் பார்க்கலாம். கால் மில்லி கொள்ளும் அந்தக் குச்சியின் மேலேயே காளையின் எண், இனம், நிலையத்தின் குறியீடு, தேதி எல்லாம் அச்சிட்டிருக்கும். ஊசி போட்ட பிறகு குச்சியைத் தூக்கி எறியாமல், காளை எண்ணை நோட்டில் மாட்டின் காது வில்லை எண்ணுக்கு நேரே எழுதி வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஓசூர், ஈச்சங்கோட்டை, உதகமண்டலம் ஆகிய இடங்களில் அரசு உறைவிந்து நிலையங்கள் உள்ளன. குறிப்பிட்ட காளைக்கு ஏ1-ஏ2 சோதனை செய்திருக்கிறார்களா என்பதைக் கால்நடை மருந்தகம் மூலம் எழுதிக் கேட்கலாம். ஏ2 என்பதற்காகத் தாய்வழிப் பால் அளவு குறைந்த காளையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வீடு நடப்பது பாலின் அளவில், எழுத்தில் அல்ல.

கூடுதல் விலைப் பேச்சு இன்னும் உயிரோடு இருந்தால், அதற்கு மாட்டை விற்க வேண்டியதில்லை, இரண்டு கேன் போதும். ஏ2-ஏ2 என்று வந்த 32 மாட்டின் பால் ஒரு கேனில். மற்ற 18 மாட்டின் பால் இன்னொரு கேனில், வழக்கமான விலைக்கு. கூடுதல் வரவைக் குழு எப்படிப் பிரிப்பது என்பதைக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம். அப்படிச் செய்தால் அம்மாவோடு சேர்த்து இன்னும் 16 மாட்டுக்காரர்கள் அந்தப் பேச்சில் ஒரே பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். மாணவி இந்தப் பக்கத்தோடு நூறு புளியங்கொட்டையையும் கூட்டத்துக்கு எடுத்துப் போகலாம்.

அம்மாவின் இரண்டு மாட்டுக்கும் இனி ஏ2-ஏ2 காளையின் ஊசியே போட்டு வந்தால், பிறக்கிற கிடேரிகள் எல்லாம் ஏ1-ஏ2. அந்தக் கிடேரிகளுக்கும் அதே வகைக் காளை என்றால் பேத்திகளில் பாதி ஏ2-ஏ2. ஒன்று மட்டும் கவனம்: அம்மாவுக்குப் போட்ட அதே காளை எண்ணை மகளுக்குப் போடக் கூடாது. ஏன் என்பதற்கு அடுத்த கடிதம்.

“கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் 30 வெள்ளாடு வைத்திருக்கிறோம். நல்ல உருப்படி என்று ஐந்து வருடமாக ஒரே கிடாவைத்தான் விட்டிருக்கிறோம். இப்போது குட்டிகள் சின்னதாக, தெம்பில்லாமல் பிறக்கின்றன. கிடா காரணமா? மனிதர்களுக்கும் இப்படி ஆகுமா?”

– ஆடு வளர்ப்பவர், வெள்ளிமலை.

முதலில் குடற்புழு நீக்கம், தாது உப்பு, சினை ஆட்டுத் தீவனம் மூன்றையும் பார்க்க வேண்டும். தெம்பில்லாத குட்டிக்குப் பாதிக் காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். அதன் பிறகு கிடா.

ஐந்து வருடத்தில் அந்தக் கிடா தன் மகளோடும், மகளின் மகளோடும் சேர்ந்திருக்கும். பழுதான பிரதி ஒன்று மந்தையில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்டபடி இணை சேர்ந்தால் இரண்டு பிரதியும் பழுதான குட்டி பத்தாயிரத்தில் ஒன்று. தகப்பனும் மகளும் சேர்ந்தால் பிறக்கும் குட்டிக்கு, இரண்டு பிரதியும் அந்தக் கிடாவின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்க நாலில் ஒரு வாய்ப்பு. அப்போது பழுதான குட்டி பத்தாயிரத்தில் 26 ஆகிவிடும். சொந்தத்துக்குள் சேர்வதால் மட்டும் மந்தையில் பழுதுப் பிரதி கூடுவதில்லை. ஒற்றையாகச் சிதறி ஒன்றும் செய்யாமல் இருந்தவை ஜோடி சேர்ந்து வெளியே தெரிகின்றன.

மனிதர்களுக்கும் கணக்கு இதேதான். தாய்மாமன்-அக்காள் மகள் திருமணத்தில் அந்த வாய்ப்பு எட்டில் ஒன்று, மாமன் மகள், அத்தை மகள் என்றால் பதினாறில் ஒன்று. மேலே சொன்ன அதே பழுதுக்கு முறையே பத்தாயிரத்தில் 13, 7. ஒரு நோயை மட்டும் பார்த்தால் சின்ன எண். ஆனால் இப்படிப்பட்ட நோய்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று பேசி முடித்த வீட்டைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன.

சொந்தமே இல்லாவிட்டாலும், பழுதுப் பிரதி அதிகமாக உள்ள சமூகத்தில் கவனம் வேண்டும். அரிவாள் செல் சோகை இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், நீலகிரிப் பழங்குடிகளிடம். பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிக்க, 2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசம் ஷாடோலில் தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. மலையில் கல்யாணம் பேசுகிறவர்கள், ஜாதகத்தோடு இந்த ரத்தப் பரிசோதனையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஒரு பிரதி மட்டும் இருப்பவர் நோயாளி அல்ல. இருவருக்கும் ஒவ்வொரு பிரதி இருந்தால்தான் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு.

வெள்ளிமலை வாசகர் கிடாவை அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியதில்லை. மலையின் வேறு மூலையில் சொந்தமில்லாத மந்தை வைத்திருப்பவரிடம் கிடாவுக்குக் கிடா மாற்றிக்கொள்ளலாம். இனிமேல் எந்தக் கிடாவையும், அதன் பெட்டைக் குட்டிகள் பருவத்துக்கு வருவதற்கு முன் மாற்றிவிட வேண்டும். வெள்ளாட்டுக் குட்டி ஏழெட்டு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும் என்பதால் வருடத்துக்கு ஒரு மாற்று என்று வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கிடாவுக்குப் பிறந்த ஆண் குட்டிகளை மந்தையில் விடாமல் சீக்கிரமே காயடிக்கவோ பிரிக்கவோ வேண்டும், இல்லாவிட்டால் கிடா போன பிறகும் அண்ணன் தங்கை சேர்ந்துவிடும். புதுக் கிடாவை 21 நாள் தனியே கட்டி, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்த பிறகே மந்தையில் சேர்க்கலாம்.